புழுவெட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன்

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வண்டலூர் முதல் செய்யூர் வரையுள்ள ஊர்களிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரைக் குப்பங்களிலும், தலையில் ஓரிடத்தில் முடி உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரியத் தொடங்கினால், வீட்டாரும் முடிதிருத்துபவரும் மருந்துக்கடைக்காரரும் அதைப் புழுவெட்டு என்றே அழைக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒரே வழியில் போகிறது. முதலில் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கிறார்கள். அதற்குக் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய களிம்பைத் தடவுகிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மொட்டையடித்துப் பார்க்கிறார்கள். மருத்துவ நூல்கள் அலோபீசியா ஏரியேட்டா என்று குறிப்பிடும் உண்மையான புழுவெட்டு, ஓரிரு சிறு வட்டங்களோடு நின்றுவிடும்போது, நோயாளிகளில் கணிசமானோருக்கு ஓராண்டுக்குள் எந்த மருந்தும் இல்லாமலேயே மீண்டும் முடி முளைக்கும் இயல்புடையது என்பதால், அந்த மீட்சியின் பெருமை வெங்காயத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் பெரிய கேடில்லை. அதே பெயரைச் சுமந்துகொண்டு வேறு நோயோடு காத்திருப்பவர்களுக்குத்தான் கேடு. அவர்கள் வெங்காயம் தேய்க்கும் மாதங்களில் தலைத்தோலின் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன, அழிந்தவை திரும்புவதில்லை.

இம்மடல் மருத்துவர்களை நோக்கி எழுதப்பட்டாலும் மற்றவர் கண்ணிலும் படும் என்பதால், மருத்துவர்களுக்குப் பழகிய சொற்களும் இங்கே விளக்கப்படுகின்றன. அதைப் பொறுத்தருள வேண்டும்.

முடியிழப்பு நோய்களை மருத்துவம் முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. மயிர்க்கால் என்பது தோலுக்குள் ஆழ இறங்கியிருக்கும் ஒரு குழல். அதன் அடியிலுள்ள குமிழில் முடி உருவாகிறது. குழலின் நடுப்பகுதியில், எண்ணெய்ச் சுரப்பி வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, புடைப்பு எனப்படும் பகுதியில், புதிய மயிர்க்காலைத் திரும்பத் திரும்ப உருவாக்கவல்ல குருத்தணுக்கள் தங்கியிருக்கின்றன. இந்த இருப்பிடத்தை ஜார்ஜ் கொட்சரெலிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1990-இல் எலிகளில் செய்த ஆய்வின் வழியே காட்டினர். புழுவெட்டில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அடிக்குமிழைத்தான் தாக்குகின்றன, புடைப்பு தப்பிவிடுகிறது. விதைநெல் கையிலிருக்கும்வரை அடுத்த போகம் உண்டு என்பதை ஏரிப்பாசனத்தில் வாழ்ந்த மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தழும்பு முடியிழப்பு எனப்படும் மற்றொரு வகையிலோ அழற்சி அந்தப் புடைப்பையே அழித்துவிடுகிறது. குழல் இருந்த இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. தோலின் மேற்பரப்பிலுள்ள மயிர்க்கால் வாய் மூடிப்போகிறது. வட அமெரிக்க முடி ஆய்வுச் சங்கம் 2001-இல் கூட்டிய பயிலரங்கு, இவ்வகை நோய்களை அவற்றில் மிகுந்து காணப்படும் அழற்சி அணுக்களைக் கொண்டு வகைப்படுத்தியது: நிணவணுக்கள் மிகுந்தவை, நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் மிகுந்தவை, இரண்டும் கலந்தவை, எதிலும் சேராதவை. இவற்றுள் பெரும்பாலானவை அரியவை. ஆனால் அரிய நோய் பல கூடினால் புறநோயாளிப் பிரிவில் அவ்வளவு அரிதாக இராது.

இங்கே முன்வைக்கப்படும் கோரிக்கை ஒன்றுதான். டெர்மோஸ்கோப் எனும் சிறு கருவி ஒவ்வொரு முதல்நிலை மருத்துவரின் மேசையிலும் இருக்க வேண்டும்; அரிய நோய்களுக்கெல்லாம் அங்கேயே பெயர் சூட்டுவதற்காக அன்று, மயிர்க்கால் வாய் இருக்கிறதா, மூடிவிட்டதா என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதற்காக.

டெர்மோஸ்கோப் என்பது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வில்லையும் விளக்கும் சேர்ந்த கைக்கருவி. வெறும் பூதக்கண்ணாடியிலிருந்து அதை வேறுபடுத்துவது அதன் ஒளிதான். தோலின் மேலடுக்கான கொம்படுக்கு வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால் கீழே இருப்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் கூச்சத்தை, தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு திரவத்தை வைத்தோ, குறுக்கு முனைவாக்கம் செய்யப்பட்ட ஒளியைப் பயன்படுத்தியோ நீக்கினால், மேல்தோலும் அதற்கு அடுத்த உள்தோலின் மேற்பகுதியும் துலங்குகின்றன. இம்முறைக்கு டெர்மட்டோஸ்கோபி என்ற பெயரை ஜெர்மானிய மருத்துவர் யோஹான் சஃபியர் 1920-இலேயே வழங்கினார். பின்னர் நெடுங்காலம் அது மச்சங்களையும் நிறமிப் புற்றுகளையும் பார்ப்பதற்கே பயன்பட்டது. தலைத்தோலையும் முடியையும் பார்க்கும் துறைக்கு ட்ரைக்கோஸ்கோபி என்ற பெயரைப் போலந்து நாட்டின் லிடியா ருட்னிட்ஸ்காவும் மால்கொர்ஸாட்டா ஒல்ஷெவ்ஸ்காவும் 2006-இல் முன்மொழிந்தனர். அதே ஆண்டில் இத்தாலியில் அந்தோனெல்லா தோஸ்தி குழுவினரின் கட்டுரையும் வெளிவந்து இத்துறையை நிலைநிறுத்தியது. இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை; இந்திய முடி ஆய்வுச் சங்கத்தின் ஆங்கில இதழான இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைகாலஜி 2009 முதல் வெளிவருகிறது. கிண்டி தாண்டிச் செங்கல்பட்டு வரையிலான நெடுஞ்சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் தோல் மருத்துவப் பிரிவுகளுக்கு இக்கருவி புதிதன்று. நோயாளி முதலில் வந்து சேரும் இடத்தில்தான் அது இல்லை.

வெளிநாட்டு நூல்களின் படங்களைக் கொண்டு இக்கருவியைப் பழகுவோருக்கு இம்மண்ணில் ஒரு பொறி காத்திருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வெளுத்த தலைத்தோலில் மயிர்க்கால் வாய் இழந்த பகுதி பால் வெண்மையாக, சுற்றியுள்ள தோலினின்று சிறிதே வேறுபட்டுத் தெரியும். கறுத்த, மாநிறத் தலைத்தோலிலோ நிறமி தேன்கூட்டு வலைபோல் விரிந்திருக்கும். அந்த வலையின் இடையிடையே ஊசிமுனை அளவில், ஏறத்தாழச் சம இடைவெளியில், வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவை நோயின் அடையாளமல்ல. வியர்வைச் சுரப்பிகளின் வாய்களும் முடியில்லாத மயிர்க்கால் வாய்களும் அவ்வாறு தெரிகின்றன, நலமான தலையிலும் தெரியும். இவற்றினும் சற்றுப் பெரியவையாக, விளிம்பு மங்கியவையாக, ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாகச் சேர்ந்து நிற்கும் வேறு வெண்புள்ளிகள் உண்டு. நிறமியின் கருமைக்கு நடுவே நார்த்திசுவாகிப்போன மயிர்க்கால்களின் தடங்கள் அவை. கறுத்த தோலில் இப்புள்ளிகள் தழும்பு முடியிழப்புக்குத் துப்பாகும் என்பதை ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் கொஸ்ஸார்டும் ஸாகரெல்லாவும் 1993-இலேயே எழுதினர். ட்ரைக்கோஸ்கோபி என்ற பெயர் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது. முதல்வகைப் புள்ளியை இரண்டாம் வகை என்று கொண்டால் நலமான தலைக்குத் தழும்பு நோயென்ற பட்டம் கிடைக்கும். இரண்டாம் வகையை முதல்வகை என்று கொண்டால் தழும்பு நோய் தப்பிவிடும். இரண்டில் பின்னதே பெரும் பிழை. நோயாளியின் தலையிலேயே நலமாக உள்ள ஒரு பகுதியை முதலில் பார்த்து, அவருடைய புள்ளிகளின் அளவையும் இடைவெளியையும் கண்ணில் பதித்துக்கொண்ட பிறகு நோயுற்ற பகுதிக்குப் போவதே இப்பொறியிலிருந்து தப்பும் எளிய வழி.

மற்றொரு குழப்பம் நம் பழக்கங்களிலிருந்து வருவது. வகிட்டில் இடும் குங்குமம் மயிர்க்கால் வாய்களில் தங்கிச் செம்புள்ளிகளாகத் தெரியும். தலைச்சாயம் அதே வாய்களில் படிந்து, உடைந்த முடியின் எச்சமான கரும்புள்ளிகளைப் போல ஏமாற்றும். மொட்டையடித்த தலையில் பூசிய சந்தனத்தின் மிச்சம், எண்ணெய்ப்பசையும் கொம்புப்பொருளும் நிறைந்த வாய்களுக்கே உரிய மஞ்சள் புள்ளிகளோ என்று எண்ண வைக்கும். தேங்காய் எண்ணெயின் கதை சற்று வேறு. அது இடைத்திரவமாக நன்றாகவே பயன்படும். ஆனால் திரவம் பட்டதும் செதில்கள் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று மறைந்துவிடும் என்பதால், எண்ணெய் வழியும் தலையில் செதிலைத் தேடுவது வீண். முந்திய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெயும் பொடியும் பூசாமல் வரச் சொல்ல வேண்டும். முதலில் உலர்ந்த நிலையில் செதில்களையும், பிறகு திரவம் வைத்து நிறங்களையும் நாளங்களையும் பார்க்க வேண்டும். நாளங்களைப் பார்க்கும்போது கண்ணாடியை அழுத்தினால் அவை வெளிறிப்போகும். ஒருவர் தலையில் வைத்த கண்ணாடியைச் சாராயக்கரைசலால் துடைக்காமல் அடுத்தவர் தலையில் வைக்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் நெரிசல் மிகுந்த காலை வேளையில் முதலில் மறந்துபோவது அதுதான்.

இனி நோய்கள். கடற்கரை ஊர்களில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது டிஸ்காய்ட் லூப்பஸ்; உடல் தன்னையே தாக்கும் நோய்க்குடும்பத்தின் தோல்வடிவம் அது. சூரியவொளி அதைத் தூண்டும், வளர்க்கும். வலை இழுப்பவருக்கும், மீன்கூடை தூக்கி நடக்கும் பெண்ணுக்கும், உப்பளத்திலோ வயலிலோ நிற்பவருக்கும் உச்சிவெயில் தவிர்க்க முடியாதது என்பதால் இங்கே இந்நோயின் போக்கு கடுமையாக வாய்ப்புண்டு. டெர்மோஸ்கோப்பில் அகன்ற மயிர்க்கால் வாய்களை அடைத்து நிற்கும் கொம்புப்பொருள் முளைகள், பெரிய மஞ்சள் புள்ளிகள், கிளைவிட்ட தடித்த நாளங்கள், நீலச்சாம்பல் தூவல்கள் ஆகியவை தெரியும். முற்றிய நிலையில் அமைப்பற்ற வெண்பரப்பு மட்டுமே மிஞ்சும். மயிர்க்கால் வாய்களைச் சுற்றிச் செம்புள்ளிகள் தெரிந்தால் அழற்சி இன்னும் உயிருடன் இருக்கிறது, மருந்துக்கு இடமிருக்கிறது என்று பொருள். வீரியமிக்க ஸ்டீராய்டுக் களிம்பும், தோலுக்குள் செலுத்தும் ட்ரையாம்சினோலோனும், கண் பரிசோதனையோடு கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அந்த நிலையில் முடியை மீட்கக்கூடும். வெண்பரப்பாகிவிட்ட பிறகு அவை பரவலைத் தடுக்கும், இழந்ததைத் தராது.

மாமல்லபுரத்தின் சிற்பக்கூடங்கள் குறித்து இங்கே ஒரு சொல். கருங்கல்லைச் செதுக்கும்போதும் இயந்திரத்தால் அறுக்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா உண்டு. அதைத் தொழில்வழியே நெடுங்காலம் சுவாசிப்போருக்கு உடல் முழுவதையும் பாதிக்கும் லூப்பஸ், ஸ்கிளிரோடெர்மா ஆகிய நோய்களின் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. சிற்பியின் தலையில் தழும்புத் திட்டு கண்டால், மூட்டுவலி, வெயில் ஒவ்வாமை, மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கேட்பதும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும் தலையோடு நின்றுவிடாத மருத்துவமாகும்.

லைக்கன் பிளானோபைலாரிஸ் இரண்டாவது. லைக்கன் பிளானஸ் எனும் தோல் அழற்சி நோயின், மயிர்க்காலைக் குறிவைக்கும் வடிவம் இது. நடுத்தர வயதுப் பெண்களிடம் மிகுதி. உச்சந்தலையில் எரிச்சலும் அரிப்பும் ஊசிகுத்தலும் இருக்கும். நோயாளி அதைப் பொடுகு என்றே சொல்வார். திட்டின் நடுவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் எஞ்சி நிற்கும் முடிகளின் அடியில், முடியைச் சுற்றிக் குழாய்போல் ஏறி நிற்கும் வெண்செதில் தெரியும். கறுத்த தோலில் நீலச்சாம்பல் புள்ளிகள் மயிர்க்காலைச் சுற்றி வளையமாக அமைவதும் இதன் அடையாளம். லூப்பஸில் அவை ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். லைக்கனில் மயிர்க்கால்களுக்கு இடைப்பட்ட தோல் பெரிதும் தப்பிவிடுவதால் ஊசிமுனை வெண்புள்ளிகள் எஞ்சியிருக்கும். லூப்பஸில் அவையும் அழிந்துபோகும். இந்நோயின் ஒரு வடிவமாகக் கருதப்படுவதை, மாதவிடாய் நின்ற பெண்களின் முன்நெற்றி முடிக்கோடு மெல்லப் பின்வாங்கும் நோயாக, அதே கொஸ்ஸார்ட் 1994-இல் விவரித்தார். முடிக்கோட்டில் மெல்லிய பூனைமுடிகள் இல்லாது போவதும், பின்வாங்கிய நெற்றியில் ஓரிரு முடிகள் தனித்து நிற்பதும் அதன் குறிகள். வயதானால் நெற்றி ஏறத்தான் செய்யும் என்று வீட்டார் விட்டுவிடும் நோய் இது.

நியூட்ரோஃபில் மிகுந்த சீழ் வகை நோய்கள் பெரும்பாலும் ஆண்களிடம். ஃபாலிகுலைட்டிஸ் டெகால்வன்ஸில் ஒரே வாயிலிருந்து ஐந்துக்கும் மேற்பட்ட முடிகள் பொம்மைத்தலையின் குஞ்சம்போல் எழும், அடியில் மஞ்சள் செதில் சூழும். இதற்கு ரிஃபாம்பிசினும் கிளின்டமைசினும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் உயிர்நாடியான மருந்து என்பதால், காசநோய் இல்லையென்று உறுதிசெய்யாமல் முதல்நிலை மையத்தில் அதைத் தொடங்காமல் இருப்பதே நன்று.

புருவத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் இந்த மாவட்டத்தில். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1940-களில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளைத் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய இடம் அது. தேசிய அளவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கும் இலக்கு 2005 டிசம்பரில் எட்டப்பட்டது என்பது, நோயே இல்லை என்று பொருள்படாது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆகவே வெதுவெதுப்பான தலைத்தோலின் முடியைப் பெரும்பாலும் விட்டுவைத்துப் புருவத்தின் வெளிப்புற மூன்றிலொரு பகுதியை முதலில் உதிர்க்கிறது. மேற்சொன்ன முன்நெற்றி நோயும் புருவத்தை உதிர்க்கும், புழுவெட்டும் உதிர்க்கும், தைராய்டு குறைவும் உதிர்க்கும். டெர்மோஸ்கோப்பில் ஆச்சரியக்குறி வடிவில், நுனி தடித்து அடி மெலிந்த முடிகள் தெரிந்தால் புழுவெட்டின் பக்கம் சாயலாம். தெரியாவிட்டால் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, காதோரமும் முழங்கையிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும், திட்டில் உணர்வைச் சோதிப்பதும், தோற்கீறல் பரிசோதனைக்கு அனுப்புவதும்தான் விடை தரும். குழந்தைகளின் முகத்தில் வெளிறிய திட்டாகத் தோன்றும் ஃபாலிகுலர் மியூசினோசிஸ் எனும் அரிய நோய் தொழுநோயென்றே தோன்றக்கூடியது. அதைப் பிரித்தறியத் திசு ஆய்வு தேவைப்படும்.

பள்ளிப் பிள்ளைகளின் தலையில் செதிலோடு கூடிய திட்டு என்றால் முதலில் எண்ண வேண்டியது பூஞ்சைப்படை. பூஞ்சை புகுந்த முடி காற்புள்ளிபோல் வளைந்து நிற்பதை ஸ்லோவின்ஸ்கா குழுவினர் 2008-இல் விவரித்தனர். திருகாணிபோல் சுருண்ட முடியும் அதே குடும்பம். இவற்றைக் கண்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பரிசோதனைக்கு முடியை அனுப்பிவிட்டு வாய்வழி மருந்தைத் தொடங்கலாம். ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்து மருந்துக்கடைகளில் கிடைக்கும் களிம்பு செதிலை மறைத்துப் பூஞ்சையை வளர்க்கும். நோய் முற்றிச் சீழ்க்கட்டியானால் அங்கும் தழும்பு விழும். தன் முடியைத் தானே பிடுங்கும் பிள்ளையிடம் வெவ்வேறு நீளத்தில் உடைந்த முடிகளும், ஒரே வாயிலிருந்து ஒரே மட்டத்தில் உடைந்த இரட்டை முடிகளும் தெரியும். இதை அந்தப் பிள்ளையின் எதிரே குற்றச்சாட்டாகச் சொல்லலாகாது.

பிறவி நோய்களுக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் நின்றுபோகவில்லை. இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால்தான் வெளிப்படும் நோய்களுக்கு அது வழிவிடுகிறது. பிறந்த சில மாதங்களில் பிடரி முடி சொரசொரவென்று உடைந்துகொண்டே இருக்கும் குழந்தைக்கு, முடி அடர்த்தியாகட்டும் என்று பெற்றோர் மீண்டும் மீண்டும் மொட்டையடிப்பர். ஒரு முடியை வில்லையின் கீழ் பார்த்தால், சீரான இடைவெளியில் தடித்தும் மெலிந்தும் மணிகோத்ததுபோல் தெரியுமானால் அது மோனிலெத்ரிக்ஸ். மெலிந்த இடங்களில் முடி ஒடிகிறது. மூங்கில் கணுபோல் முட்டு தெரிந்தால் நெதர்டன் நோய்த்தொகுதி. முடி முளைத்து உதிர்ந்து பின் முளைக்கவேயில்லை என்றால், கால் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விட்டமின் டி-யை உடல் ஏற்காத மரபுவழி ரிக்கெட்ஸில் வழுக்கையும் வளைந்த எலும்பும் சேர்ந்து வருவதுண்டு. இந்தக் குழந்தைகளின் முடியை ஒரு காகிதத்தில் ஒட்டியும் பார்க்கலாம் என்பதால் அழுகை, பிடிவாதம் எதுவும் குறுக்கே நிற்காது.

டெர்மோஸ்கோப்பைப் பற்றி மிகைப்பட எழுதுவோர் அது திசு ஆய்வுக்கு மாற்று என்கின்றனர். தழும்பு நோய்களில் அது மாற்றன்று. எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி. வெறுங்கண்ணால் பார்த்து, மிகவும் வழுக்கையான நடுப்பகுதியில் துண்டெடுத்தால் ஆய்வகத்துக்கு நார்த்திசு மட்டுமே போய்ச் சேரும், முடிவும் தெளிவற்றதாகத் திரும்பும். செதில் சூழ்ந்த முடியோ, செம்புள்ளியோ தெரியும் உயிருள்ள ஓரத்தில் 4 மில்லிமீட்டர் துளைக்கருவியால் எடுத்தால் கதை வேறு. மரியா மிதேவாவும் அந்தோனெல்லா தோஸ்தியும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு டெர்மோஸ்கோப் காட்டிய இடத்தில் எடுத்த 80 திசு ஆய்வுகளில் 95 விழுக்காட்டில் உறுதியான முடிவு கிடைத்தது. மாதிரியைச் செங்குத்தாக மட்டுமின்றிக் கிடைமட்டமாகவும் சீவச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதுவது நல்லது. அப்போதுதான் பல மயிர்க்கால்களை ஒருசேரப் பார்க்க முடியும்.

இதற்கு என்ன செலவாகும் என்ற கேள்வி எழும். கைபேசியில் பொருத்தும் எளிய கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. உயர்ந்த வகைகள் லட்சத்தைத் தொடும். மேலே சொன்ன ஒரே கேள்விக்கு எளியதே போதும். கைபேசியோடு இணைவதால் படமெடுத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவருக்கு அனுப்ப முடியும்; 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள் மருத்துவரிடையேயான இத்தகைய ஆலோசனைக்கு இடமளிக்கின்றன. நோயாளியின் ஒப்புதல் பெற்று, முகம் விழாமல், நலமான பகுதிக்கு ஒரு படமும் நோயுற்ற பகுதியின் ஓரத்துக்கு ஒரு படமும் எடுத்தாலே மறுமுனையில் இருப்பவர் வழிகாட்டிவிட முடியும். கைபேசியின் செயலி தானே நோயின் பெயரைச் சொல்லிவிடும் என்று விற்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். வெளுத்த தலைகளின் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட செயலி, ஊசிமுனைப் புள்ளியின் பொறியில் மனிதரைவிட எளிதாக விழும்.

முடிதிருத்துபவர்களை இதில் சேர்க்காமல் விடுவது மடமை. திருப்போரூர் கந்தசுவாமி கோயிலில் மொட்டை போடுபவரும், தெருமுனை முடிதிருத்தகத்தில் கத்தரி பிடிப்பவரும் பார்க்கும் தலைகளின் எண்ணிக்கையை எந்தத் தோல் மருத்துவரும் எட்ட முடியாது. தழும்புத் திட்டின் தோல் வழவழப்பாக, மினுமினுப்பாக, புள்ளியே இல்லாமல் இருக்கும் என்பதையும், அத்தகையதைக் கண்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். வேண்டுதலுக்கு மொட்டையடிப்பதில் மருத்துவத்துக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் முடியின் தண்டில் தெரியும் அடையாளங்கள் அத்தனையும் மொட்டையோடு போய்விடும் என்பதால், பரிசோதனைக்குப் பிறகு வேண்டுதலை நிறைவேற்றிக்கொள்ளச் சொல்லலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது; தவறவிட்டால் சில வாரம் காத்திருக்க நேரும். கூடவே, ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்று கடற்கரைச் சாலையெங்கும் கேட்கும் முறையீட்டுக்கும் விடை சொல்லிவிடலாம்: உப்புத் தண்ணீர் முடியை வறளச் செய்யலாம், திட்டுத்திட்டாக வழுக்கையாக்காது, திட்டு விழுந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆகவே மருத்துவர்களிடம் வேண்டப்படுவது இவ்வளவே: தலையில் திட்டோடு வருபவருக்குச் சீட்டு எழுதுவதற்கு முன், எண்ணெயையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டு, நலமான இடத்திலிருந்து தொடங்கி நோயின் ஓரம் வரை வில்லையால் பாருங்கள். மயிர்க்கால் வாய்கள் தெரிந்தால் நிதானமாக மருத்துவம் செய்யலாம். தெரியாவிட்டால் ஆறு மாதக் களிம்பு எழுதாமல், அந்த வாரமே செங்கல்பட்டுக்கு அனுப்புங்கள்.